விரதம் இருக்காத கொடி

பதுளைக் கடைவீதியில் ரெங்கசாமி பிள்ளையின் மளிகைக் கடையைத் தெரியாதவர் அந்தக் காலத்தில் கிடையாது. கோயில் நைவேத்தியத்துக்கு அரிசியும் விளக்குக்கு எண்ணெயும் அங்கிருந்துதான் போகும். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம். செவ்வாய், வெள்ளியில் வெங்காயம்கூட அந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழையாது. அப்படிப்பட்ட வீட்டு முற்றத்தில், பூச்சி பிடித்துத் தின்கிற கொடி ஒன்றல்ல, இரண்டு வளர்ந்தன. வளர்த்தவள் பிள்ளையின் தம்பி ராமாமிர்தத்தின் மனைவி கனகம்.

கனகத்தைப் பற்றி ஊரில் இன்றைக்கும் தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறார்கள். பிள்ளையில்லாத குறைக்குச் செடி வளர்த்தாள் என்று ஒரு கதை. சுத்தப் பொய். அவளுக்கு இரண்டு பெண்கள், இரண்டும் வாயாடிகள். வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்க முற்றத்துக்குப் போனாள் என்று இன்னொரு கதை. அதுவும் பொய். அந்த வீட்டில் பதினாலு பேருக்குச் சோறு வடித்தவள் அவள்தான். கொடி வளர்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது, அதனால் வளர்த்தாள். ஒரு பெண் தனக்குப் பிடித்ததைச் செய்தாள் என்று நேராகச் சொல்ல ஊருக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை.

முதல் கொடி வந்த விதமே வேடிக்கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம். இரத்தினபுரிப் பக்கமிருந்து பாக்கு மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரன், வழியில் கயிறு அறுந்துபோய், காட்டுக்கொடி ஒன்றை வெட்டி மூட்டையைக் கட்டியிருந்தான். சிங்களத்தில் பந்துரா என்பார்கள். முறுக்கினால் கயிறாகவே உழைக்கும். இலை நுனியில் விரல் நீளத்துக்குப் பச்சைக் குடுவை ஒன்று தொங்கியது, அதற்கு ஒரு மூடியும் இருந்தது. மூட்டையை அவிழ்த்தவர்கள் கொடியைக் குப்பையில் எறிந்தார்கள். கனகம் எடுத்துக் குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர். தண்ணீரில் விழுந்த எறும்பு ஒன்று சுவரில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது. அடுப்பில் உலை பொங்கி வழிவதைக்கூட மறந்து அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கொடியைக் கணுக்கணுவாக வெட்டித் தேங்காய் மட்டைத் துண்டுகளுக்கும் பாசிக்கும் நடுவில் நட்டாள். ஆறில் ஒன்று பிழைத்தது.

இரண்டாவது கொடியைக் கொண்டுவந்தவள் வேலாயி. லுணுகலைப் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும்போதெல்லாம் கனகத்தின் கொடியை நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். ஒரு ஞாயிறு, ஈரச்சாக்கில் சுற்றிய எதையோ தலையில் சுமந்து வந்தாள்.

"பழைய தொரை சீமைக்குப் போயிட்டாருங்கம்மா. புதுத் தொரைக்கு இதக் கண்டாலே ஆகல, புடுங்கி வீசுன்னுட்டாரு. போர்னியோவுல இருந்து கப்பல்ல வந்ததாம். வீச மனசு வரலீங்க, ஒங்களுக்கு ஆகுமேன்னு தூக்கியாந்தேன்" என்றாள்.

இந்தக் கொடியின் குடுவை உள்ளங்கை அகலம், ரத்தச் சிவப்பு, தொந்தி வைத்த உருவம். கனகம் அதைப் பந்துராவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஒல்லிப் பச்சை, ஒன்று குண்டுச் சிவப்பு. அன்றைக்கே அவள் மனசில் ஆசை விழுந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் பிறக்கிற பிள்ளை எப்படி இருக்கும்? யார் கண்ணும் பார்த்திராத அந்தக் குடுவையைத் தன் கையால் உண்டாக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்தது.

அவளுக்குச் செடி வித்தை சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. தெரிந்ததெல்லாம் பூசணிக்கொடி. பூசணியில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் மேல் தடவினால் காய் பிடிக்கும். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, பந்துராவில் பெண் பூ வரும் வரும் என்று காத்திருந்தாள். வந்ததெல்லாம் மஞ்சள் பொடி உதிர்க்கிற ஆண் பூ. வாடை வேறு குடலைப் பிடுங்கும். இப்படி இரண்டு வருஷம் போயிற்று. மூன்றாம் வருஷம் சிவப்புக் கொடி முதல் தடவையாகப் பூத்தது. அதில் பொடியே இல்லை, பச்சைப் பச்சையாய்க் குமிழ்கள்தான். அவள் கண் முற்றத்து மூலையில் நின்ற பப்பாசி மரத்துக்குப் போயிற்று. வருஷம் முழுக்கப் பூத்துத் தள்ளியும் ஒரு பிஞ்சுகூடக் காய்க்காத ஆண் மரம் அது. கனகம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பூசணி மாதிரி இல்லை, பப்பாசி மாதிரி! ஒரு கொடி முழுக்க ஆண், இன்னொன்று முழுக்கப் பெண். இரண்டு வருஷமாக ஆம்பிளையிடம் போய் "எப்போ பிள்ளை பெறுவே" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

நல்லவேளை, அந்த வாரம் இரண்டும் ஒன்றாகப் பூத்திருந்தன. பூஜையறை விளக்குத் திரியில் ஒன்றை எடுத்துப் பந்துராவின் பொடியைத் தொட்டுச் சிவப்புக் கொடியின் பூவில் தடவினாள். வேறு பொடி வந்து ஒட்டக்கூடாது, காய் பிடித்த பிறகு அணில் கடிக்கக்கூடாது, வெடித்தால் விதை பறக்கவும் கூடாது. அதனால் பூக்காம்பை மெல்லிய மஸ்லின் துணியால் சுற்றிக் கட்டினாள். துணி கொடுத்தவள் ஸைனப். இரண்டு வீடு தள்ளி ஜவுளிக்கடை வைத்திருந்த இத்ரூஸ் முதலாளியின் மனைவி. கனகத்துக்கு மூத்தவள், அதனால் கனகம் அவளை ராத்தா என்று கூப்பிடுவாள்.

சரியாக அதே வாரம்தான் ரெங்கசாமி பிள்ளைக்கு ஞானம் பிறந்தது. திவசத்துக்கு வந்த குருக்கள் முற்றத்தில் கால் கழுவும்போது, குடுவைக்குள் ஈ விழுந்ததைப் பார்த்து முகம் சுளித்துவிட்டார். கோயிலுக்கு அரிசி கொடுக்கிற வீட்டில் மாமிசம் தின்கிற கொடியா?

அந்த வீட்டில் தம்பி மனைவி மூத்தவரோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார், அவள் கதவுக்குப் பின்னால் நின்று "சரிங்க" என்பாள். பதினாலு வருஷமாக அந்த ஒரு சொல்லைத் தவிர அவர் காதில் அவள் குரல் விழுந்ததில்லை.

"வெள்ளிக்கிழமை, சஷ்டி, கார்த்திகை, இந்த நாள்ல அந்தக் கொடியோட வாயத் துணியால கட்டிப்போடணும். நம்ம வீட்டுல இருக்கணும்னா அதுவும் விரதம் இருக்கணும்" என்று பிள்ளை சுவருக்கு உத்தரவு போட்டார்.

"சரிங்க" என்றாள் கனகம்.

ஆனால் குடுவை ஒன்றின் வாயையும் அவள் கட்டவில்லை. பூக்காம்பில் சுற்றிய துணி ஏற்கெனவே அங்கே இருந்தது. தூரத்தில் நின்று பார்த்தவர்கள் கொடிக்குத் துணி கட்டியிருப்பதைக் கண்டார்கள், திருப்தியாகப் போனார்கள். விரலைக் கடித்துவிடும் என்ற பயத்தில் கிட்டப்போக யாருக்கும் தைரியமில்லை. நான் பொய் சொல்லவில்லையே, வாயைத் திறக்காமல்தானே இருக்கிறேன் என்று அவள் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அதுவும் பொய்தான் என்று பின்னால் ஸைனப்பிடம் அவளே ஒத்துக்கொண்டாள்.

துணிக்குள் காய் பிடித்தது. கதிர் கதிராகப் பச்சைக் காய்கள். முற்றிப் பழுப்பாகி வெடிக்க மூன்று மாதம் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். அதுவரைக்கும் தொட்டி அசையக்கூடாது, கொடி வாடக்கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள்.

இதற்குள் செய்தி கடைவீதியில் கால் முளைத்து நடக்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளை வீட்டு ஆசாரம் எப்பேர்ப்பட்டது தெரியுமா, உயிர் தின்கிற கொடிகூட அங்கே விரதம் பிடிக்கிறதாம்! பிள்ளையே கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். வெள்ளிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்த விரதம், அவர் வாயிலேயே தினசரி விரதமாக வளர்ந்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயில் தர்மகர்த்தாக்கள் மூன்று பேர் பட்டும் திருநீறுமாக முற்றத்தில் வந்து நின்றார்கள். காய் வெடிக்க இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி.

அவர்கள் சண்டைக்கு வரவில்லை, கொண்டாட வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கொடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பிள்ளைவாள், இது இங்க இருக்க வேண்டியதில்ல. கோயில் வெளிப்பிரகாரத்துல வச்சிருவோம். ஒவ்வொரு குடுவையிலயும் பால் ஊத்தி வாயக் கட்டிருவோம். திருவிழாவுக்கு வர்ற தோட்டத்துச் சனம் பாத்துத் திருந்தட்டும். உங்க தம்பி சம்சாரத்துக்கு மாலை போட்டு முதல் மரியாதை. வெள்ளிக்கு வெள்ளி அவுங்களே வந்து துணி கட்டட்டும்."

பிள்ளையின் முகம் பூரித்துப் போயிற்று. சுவரைப் பார்த்து, "என்னம்மா, சரிதானே?" என்றார். பக்கத்தில் தராசுத் தட்டைத் துடைத்தபடி ராமாமிர்தம் நின்றார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அறியாத மனிதர்.

கதவுக்குப் பின்னால் கனகம் கணக்குப் போட்டாள். பாலை ஊற்றினால் மூன்றே நாளில் குடுவை அழுகும், அழுகல் கொடிக்கு ஏறும், காய் முற்றாமலே கருகும். அது ஒரு பக்கம். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு வாரம் தவணை வாங்கிக்கொள்ளவும் அவளுக்கு வழி இருந்தது. காய் பிழைக்கும், வீடும் பிழைக்கும், கழுத்தில் மாலையும் விழும். ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி ஊர் பார்க்க ஒரு பொய்யைத் துணியில் முடிந்து கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"இது விரதம் இருக்கலீங்க" என்றாள்.

பிள்ளைக்குக் காது சிவந்தது. "ராமாமிர்தம், ஒம் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்லு."

"சுவத்தப் பாத்துப் பேசாதீங்க. எங்கிட்டயே கேளுங்க, நான் பதில் சொல்றேன்."

மூத்த தர்மகர்த்தா திகைத்துப்போய், "அப்ப அந்தத் துணி என்னத்துக்கு?" என்று கேட்டார்.

"அது பூவுக்குக் கட்டினது. உள்ள காய் இருக்கு. ஒரு குடுவை வாயையும் நான் கட்டல. வெள்ளிக்கிழமையும் சாப்பிட்டுச்சு, சஷ்டிக்கும் சாப்பிட்டுச்சு. இன்னிக்குக் காலையிலயும் சாப்பிட்டிருக்கு. பாருங்க."

குண்டுக் குடுவை ஒன்றைச் சாய்த்துக் கீழே ஊற்றினாள். எறும்பு, ஈ, பாதி கரைந்த கரப்பான் எல்லாம் தர்மகர்த்தாவின் காலடியில் விழுந்தன. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்த குதியில் துண்டு எங்கேயோ போயிற்று.

"நான் சைவம்ங்க. முட்டையத் தொட்டுப் பாத்ததில்ல. ஆனா இது கொடி. இதுக்குப் பசிச்சா இது சாப்பிடும். நம்ம ஆசாரத்த இது வாயில கட்டிவிட்டு, அதுக்கு மாலை வேற வாங்கிக்கிற ஆளு நான் இல்ல."

வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். பிள்ளைக்கு வந்தது கோபமா அவமானமா என்று அவருக்கே தெரியாது. "விளக்கு வைக்கிறதுக்குள்ள அது இந்த முத்தத்துல இருக்கக்கூடாது. அதுதான் வேணும்னா, அதோட அவளையும் போகச் சொல்லு" என்று தம்பியிடம் கத்தினார்.

"போறேன்" என்றாள் கனகம்.

சொல்லிவிட்டாள், தூக்க வேண்டுமே! அரைப் பீப்பாயை அறுத்துச் செய்த தொட்டி அது. மட்டையும் பாசியும் தண்ணீரும் சேர்ந்து இரண்டு ஆள் கனம். ஒரு பக்கத்து இரும்புக் காதைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கம் ஒரு சாண் எழும்பியது, மறுபக்கம் அசையவில்லை. வீட்டார் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரப் பையன்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு நகராமல் நின்றார்கள். தூக்கத் தூக்க அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

ராமாமிர்தம் தராசுத் தட்டைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மறுபக்கத்துக் காதைப் பிடித்தார்.

"தூக்கு. நான் இந்தப் பக்கம் புடிச்சிருக்கேன்."

அவ்வளவுதான் அவர் பேசினார். கனகம் தன் பக்கத்தைத் தூக்கினாள். முற்றத்திலிருந்து வெளியே போகக் கடை வழியாகத்தான் பாதை. பட்டப்பகலில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, கல்லாவைத் தாண்டி, சிவப்புக் குடுவைகள் ஆடக் கடைவீதியில் இறங்கினார்கள். பின்னால் பந்துராச் சட்டியைப் பெரியவளும் துணிமூட்டையைச் சின்னவளும் தூக்கிக்கொண்டார்கள். வீதியே மூக்கின்மேல் விரலை வைத்தது. ஸைனப் தன் வீட்டு வாசலுக்கு ஓடி வந்து, "இங்கால கொண்டு வாங்க கனகம்! எங்கட முத்தம் சும்மாத்தானே கெடக்கு" என்று கூப்பிட்டாள்.

"அசைவக் கொடி சேர வேண்டிய வீட்டுக்குத்தான் போவுது" என்று எவனோ சிரித்தான்.

"ஆமா, கூப்பிட்ட வீட்டுக்குப் போவுது. நீ கூப்பிட்டியா?" என்றாள் கனகம், நடையை நிறுத்தாமல்.

இத்ரூஸ் முதலாளி கடைக்குப் பின்னால், பின்தெருவைப் பார்த்த இரண்டு அறையைக் குடியிருக்கக் கொடுத்தார். ராமாமிர்தம் அங்கேயே ஜவுளி அளந்து போட வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் வீட்டில் அவர்கள் பேரை யாரும் சொல்லக்கூடாது என்று கட்டளை. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு அழைப்பு வைக்கவில்லை. ஸைனப் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துத் தனி அடுப்பில் சாம்பார் வைத்துச் சாப்பிட்ட கனகத்தைப் பற்றி, அவள் ஆட்டிறைச்சி தின்கிறாள் என்று கதை கட்டினார்கள். முதல் வருஷம் அவளுக்கு வலித்தது. அதற்குப் பிறகு அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

தொட்டி இடம் மாறியும், காய்கள் கணக்குப் போட்டபடியே பழுப்பாகி வெடித்தன. மஸ்லின் துணிக்குள் நூல் நூலாக விதை, ஊதினால் பறந்துவிடும். பாசியின் மேல் தூவி, மழைத்தண்ணீர் தெளித்துக் காத்திருந்தாள். நூற்றுக்கணக்கில் தூவியதில் முளைத்தவை நாற்பது, நின்றவை பதினொன்று. அவை கடுகளவு குடுவையிலிருந்து கை அளவு குடுவைக்கு வளர நாலு வருஷம் ஆயிற்று. அப்பனின் நீளம், அம்மாவின் சிவப்பு. வாயைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள், அவை அப்பனிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. முதல் பெரிய குடுவை மூடி திறந்த காலையில் கனகம் ஸைனப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். சிவப்புக் கொடியைக் கொண்டுவந்த வேலாயி அடுத்த ஞாயிறு வந்து பார்த்து, "தொரை செடி வளக்குற கண்ணாடி ரூம்புலகூட இப்புடி ஒண்ணு இல்லீங்கம்மா" என்றாள். அதைவிடப் பெரிய நற்சாட்சி கனகத்துக்குத் தேவைப்படவில்லை.

தொள்ளாயிரத்துப் பதினாலில், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்து மைதானத்தில் மலர்க் காட்சி நடக்கப்போவதாகத் தமுக்கடித்தார்கள். கடைவீதி வியாபாரிகளும் ஏதாவது வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ரெங்கசாமி பிள்ளை தலையில் கட்டினார்கள். அவரிடம் இருந்தது மிளகாய் மூட்டை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் கனகத்தின் வாசலில் வந்து நின்றார். கூடவே அன்றைக்குக் குதித்த அந்த மூத்த தர்மகர்த்தாவும்.

"ராமாமிர்தம்..." என்று சுவரைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அவுக கடைக்குப் போயிட்டாக. எங்கிட்டக் கேளுங்க" என்றாள் கனகம்.

பிள்ளை மெல்லத் திரும்பினார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஒரு தொட்டி குடும்மா. நம்ம வீட்டுக் கொடின்னு வைக்கணும்."

"தர்றேன். பாக்க வர்றவங்க இது என்ன சாப்பிடும்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"அது... தண்ணி... பனி..."

தொட்டியின் மேல் வைத்திருந்த கையைக் கனகம் எடுத்துக்கொண்டாள்.

பிள்ளை தர்மகர்த்தாவைப் பார்த்தார். தர்மகர்த்தா வானத்தைப் பார்த்தார். ஸைனப் உள்கதவில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். தெருவில் போகிறவர்கள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"பூச்சி தின்னும்" என்றார் பிள்ளை, வாய்க்குள்ளேயே.

"வெள்ளிக்கிழமை?"

அவருக்கு வியர்த்தது. திருநீறு கரைந்து மூக்கில் இறங்கியது. "வெள்ளிக்கிழமையும் தின்னும்" என்றார், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி.

கனகம் பதினொன்றில் சிறந்ததையே எடுத்து முன்னால் வைத்தாள். நாலைந்து குடுவை, ஒவ்வொன்றும் வாயைத் திறந்துகொண்டு. தூக்க ஆள் கூப்பிடக் கடைப்பக்கம் கை தட்டப்போனார் பிள்ளை.

"ஆள் வேணாம். நீங்களே தூக்கிட்டுப் போங்க, கடைவீதி வழியா" என்றாள்.

பிள்ளை மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து தொட்டியைத் தூக்கினார்.